முழுசாவே முழுங்குறேன்

வேண்டாம் கண்ணு, அந்த மாத்திரையை நசுக்காத. முழுசாவே குடு. தொண்டையில சிக்கும்தான், சிக்கட்டும். தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு எப்படியாவது இறக்கிடுவேன்.

நர்சிங் ரெண்டாவது வருஷமா? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்குமே. மெதுவா கரையற மாத்திரைன்னு ஒண்ணு உண்டாமே? ஆங், அதேதான். பாடத்துலயே வருதா? நல்லது. எங்க வீட்டுல யாருக்கும் அது தெரியலை. இது அந்த ஜாதி இல்லையா? இல்லாட்டியும் வேண்டாம்.

எங்க வீட்டுக்காரர் அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டினவரு. அந்தச் சத்தத்துல பேசிப் பழகி, வீட்டுலயும் கத்திதான் பேசுவாரு. நீங்க உப்புக் கேட்டா அடுத்த வீட்டுலேருந்து எடுத்துட்டு வருவாங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அந்த மனுஷனுக்குத் தொண்டையிலதான் புத்துநோய் வந்துச்சு. கடைசியில கஞ்சி இறங்கறதே பெரும்பாடு. என் பொண்ணு லீவு போட்டுட்டு வந்து கூடவே இருந்தா. எல்லா மாத்திரையையும் பொடிச்சு, தேன்ல குழைச்சு ஊட்டுவா. அவ கையால மட்டும்தான் வாங்கிப்பாரு. என்னைக் கண்டா வாயை இறுக்கி மூடிக்குவாரு.

வலி தாங்க முடியாம போனப்ப டாக்டர் வேற வலி மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மறுநாள் காலையில அதையும் பொடிச்சுக் குடுத்தா. கொஞ்ச நேரத்துல முகம் தெளிஞ்சிடுச்சு. நெத்திச் சுருக்கமெல்லாம் போய்த் தூங்கினாரு. அப்பா ஒருவழியா தூங்கிட்டாருன்னு, அவ கதவை ஒருக்களிச்சு வெச்சிட்டுக் குளிக்கப் போனா. நான் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தேன். ஒரு மூச்சு வரும். அடுத்த மூச்சு வர்றதுக்குள்ள ஒரு சட்டையை மடிச்சு வெச்சிடுவேன். அசந்து தூங்கறாருன்னுதான் நெனச்சேன். கூடை காலியாகறப்ப மூச்சு நின்னிருந்துச்சு.

டாக்டர் வந்து பாத்தாரு. வியாதி முத்திடுச்சு, எதிர்பாத்ததுதானேன்னாரு. யாருக்கும் எதுவும் தோணலை.

எல்லாம் முடிஞ்ச பிறகு, மிச்ச மாத்திரை யாருக்காவது ஆகுமான்னு கேக்க மருந்துக்கடைக்குப் போனேன். இவ்வளவு பெரிசை எப்படிம்மா முழுங்கினாருன்னு கேட்டாரு கடைக்காரர். பொடிச்சுக் குடுத்தோம்னேன். அவர் கை அப்படியே நின்னுடுச்சு. ரொம்பக் கேட்டப்புறம்தான் சொன்னாரு. பகல் முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல சேரவேண்டிய மருந்தாம். பொடிச்சா மொத்தமும் ஒரேயடியா சேந்துடுமாம். மூச்சை அமுக்கிடுமாம். எப்படியும் கொஞ்ச நாள்ல போயிருப்பாரும்மான்னு அவரே சமாதானமும் சொன்னாரு.

போயிருப்பாருதான். ஆனா இப்பவும் பக்கத்துல யாராவது தூங்கினா, அடுத்த மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். நேத்து அந்தக் கட்டில் அம்மாவை ரெண்டு தடவை எழுப்பிட்டேன். திட்டிட்டாங்க பாவம்.

பொண்ணா? நல்லா இருக்கா. அப்பாவைப் பத்தி யார் பேச்செடுத்தாலும் சொல்வா, கடைசி நாள் நான்தான் அவரை வலியில்லாம தூங்க வெச்சேன்னு. அதை நெனச்சுத்தான் அவ மனசு தேறினா.

இப்ப சாப்பாடு எடுத்துட்டு வருவா. அம்மாவால முழுங்க முடியலையே, பொடிச்சுக் குடுங்கன்னு உங்கிட்ட கேப்பா. முடியாதுன்னுடு. ஆஸ்பத்திரி வழக்கம்னு சொல்லு. ஏன்னு மட்டும் அவளுக்குப் பாடம் நடத்திடாத, கண்ணு.