தட்டினால் பேசும் தரை

– தாரே போட்டுடலாங்க. ரோலர் விட்டு ஒரே நாள்ல முடிச்சிடுவேன்னு மேஸ்திரி சொல்றாரு. மறுநாளே காரை உள்ள விடலாம். சிமெண்டுன்னா ஒரு வாரம் தண்ணி ஊத்திக்கிட்டு நான்தான் நிக்கணும்.

– சிமெண்டுதான். வீடு கட்டின நாள்லேர்ந்து கார்ப்பாதைக்குச் சிமெண்டு, இனிமேலும் சிமெண்டு.

– நல்லா இருக்கே கதை! அந்தச் சிமெண்டுதானே வெடிச்சு உங்க காலை வாரி விட்டுச்சு? போன மாசம் வாசல் கேட்டுக்கிட்ட விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டீங்க. இப்ப கைத்தடி இல்லாம வாசலுக்கு வர மாட்டேங்கிறீங்க.

– அவ பேச்சை விடுங்க. மேஸ்திரி, நீங்க சொல்லுங்க.

– நான் என்னத்தைச் சொல்ல ஐயா? தாரு வெயிலுக்கு இளகும், ஆனா வளைஞ்சு கொடுக்கும். சிமெண்டு உழைக்கும், ஆனா வளையாது. எது போட்டாலும் கீழ மண்ணு கெட்டியா இருக்கணும். சுத்தியலால முழுக்கத் தட்டிப் பாத்துட்டேன். ரெண்டு இடத்துல அடியில காலி. சாக்பீஸ்ல வட்டம் போட்டிருக்கேன் பாருங்க.

– மூணு.

– இல்லைங்கய்யா, ரெண்டுதான்.

– மூணு, மேஸ்திரி. இதோ, காரோட இடது சக்கரம் நிக்கிற இடம். கேளுங்க, டொக், டொக். இப்ப ஒரு ஜாண் தள்ளி, டம். கேட்டுச்சா?

– எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது.

– உடைச்சுப் பாருங்க.

– எப்படியும் உடைக்கத்தானே போறேன். தள்ளி நில்லுங்கம்மா... அடேயப்பா! அம்மா, இங்க வந்து பாருங்க! கை முழங்கை வரைக்கும் உள்ள போகுது! மழைத்தண்ணி அடியிலேயே குடைஞ்சுக்கிட்டுப் போயிருக்கு.

– ஐயோ, இதுமேலயா நான் தினம் காரை ஓட்டி வந்து நிறுத்தினேன்?

– தொழில் சத்தியமா சொல்றேன்மா, முப்பது வருஷமா தரையைத் தட்டிக்கிட்டுத் திரியிறேன், எனக்கே சிக்கலை. ஐயா வெறும் தடியால கண்டுபிடிச்சுட்டாரு. ஐயா என்ன வேலை பாத்தீங்க?

– தபாலாபீஸ்ல முத்திரை குத்தினேன்.

– அப்புறம் இந்தக் காது எங்கேர்ந்து வந்துச்சு?

– சும்மா நடந்து பழகினதுதான். வாசப்படியிலேர்ந்து கேட்டு வரைக்கும் இருபத்தாறு எட்டு வைக்கணும். ஏழாவது எட்டுல சத்தம் கனமாகும், அடியில தண்ணித் தொட்டி. பதினெட்டுல லேசா அதிரும், அங்க விரிசல். கேட்டுக்கிட்ட போனா சத்தம் சுவத்துல பட்டு நம்மகிட்டயே திரும்பி வரும். தார்ல இதெல்லாம் கிடையாது மேஸ்திரி. அது ஊமை. சிமெண்டு பேசும். புதுசுன்னாலும் பத்து நாள்ல பழகிடும்.

– காலங்காத்தால டொக்கு டொக்குன்னு என் தூக்கத்தைக் கெடுக்கிறாரேன்னு உங்களைத் திட்டியிருக்கேங்க. இந்தத் தரைக்குள்ள இவ்வளவு இருக்கா? நாப்பது வருஷமா இதுமேலதான் நானும் நடக்கிறேன். எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!

– சரி சரி, சீக்கிரம் முடிவெடு. நாளன்னைக்கு மழையாம். காலையில பேப்பர்ல உனக்குப் படிச்சேனே.

– ஆமா, படிச்சீங்க. அதுக்கு முன்னாடி ரேடியோவிலயும் அதையேதான் சொன்னாங்க. மேஸ்திரி, மழை விட்டதும் சிமெண்டே போட்டுடுங்க.

– சரிம்மா. கண்ட இடத்துல வெடிக்காம இருக்க, ஆறடிக்கு ஒரு கோடு குறுக்க வெட்டி விட்டுடுறேன்.

– நீளத்துக்கும் ஒண்ணு வெட்டுங்க. வாசப்படியிலேர்ந்து கேட்டு வரைக்கும், நேரா. தடியோட நுனி உக்கார்ற அளவுக்கு ஆழம் இருந்தாப் போதும்.

– அது எதுக்குடி?

– நீங்க விழாம நடக்கத்தான். வழி தெரியணும்ல.

– பட்டப்பகல்ல எனக்கு வழி தெரியாதா? கண்ணு நல்லாத்தானே இருக்கு!

– என்னங்க... தினம் காலையில எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறீங்களே, ரெண்டு வாரமா நான் உங்க கையில கொடுக்கிறது அதே ஒரு பழைய பேப்பர்தான்.