ஐயா எப்ப வருவார், கிறீம் எப்ப பூசுறது

விமலேஸ்வரி: ...அது வெள்ளையாக்கிற கிறீம் இல்லை அண்ணை. வெயிலுக்குப் பூசுற கிறீம். எத்தினை தரம் சொல்லுறது?

கனகலிங்கம்: எல்லாம் ஒண்டுதான் ரீச்சர். முகத்தில பூசினா வெள்ளையா வருகுதோ இல்லையோ?

விமலேஸ்வரி: பூசேக்க வெள்ளையாத்தான் இருக்கும். பேந்து தோலில ஊறீடும்.

கனகலிங்கம்: அப்ப நான் சொன்னது சரி! முன்பள்ளிப் பிள்ளையள் விளையாட்டுப் போட்டிக்கு வந்ததுகளோ, மாப்பிள்ளை பாக்க வந்ததுகளோ? மூண்டு வயசு, நாலு வயசு... இதுகளுக்குக் கிறீமாம்!

விமலேஸ்வரி: அண்ணை, நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?

கனகலிங்கம்: இதென்ன கேள்வி? மாங்குளம் சந்தியில. செல்வராசாவின்ர கடைக்கு முன்னால. விடியக் கருக்கலோட வந்து வாழை கட்டி, பதாகை கட்டி, பிரதம விருந்தினர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வரக் காவல் நிக்கிறன். பெற்றோர் சங்கத் தலைவர் நான் நிக்காமல் வேற ஆர் நிக்கிறது?

விமலேஸ்வரி: வெயிலுக்குள்ளயோ நிக்கிறியள்?

கனகலிங்கம்: சீச்சீ... கடைத் தாழ்வாரத்தில. ஏன்?

விமலேஸ்வரி: சும்மா கேட்டனான்.

கனகலிங்கம்: உந்தச் சும்மா எனக்குத் தெரியும். சரி, கிறீம் கேட்டது ஆர்? கிறீம் பூசாமல் பிள்ளையை வெயிலில விடமாட்டன் எண்டு ஆரோ ஒரு தாய் வட்சப்பில எழுதினதாம்...

ரஜிதா: தாங்கோ ரீச்சர் போனை, ஸ்பீக்கரில போடுறன்... ஆரோ இல்லை அண்ணை, நான்தான். ரஜிதா. அனோஜாவின்ர அம்மா.

கனகலிங்கம்: ஓ... தங்கச்சி, நீங்களோ. அதுதானே பாத்தன். நாங்கள் என்ன கிறீம் பூசியே வளர்ந்தனாங்கள்? வயலுக்குள்ள, வரம்புக்குள்ள, உச்சி வெயிலுக்குள்ள...

ரஜிதா: உங்கட பிடரியைப் பின்னுக்கிருந்து பாக்கிற ஆக்களுக்கு அது விளங்கும் அண்ணை. வெடிச்ச குளம் மாதிரிக் கிடக்கு.

கனகலிங்கம்: பகிடி... நல்ல பகிடி. இஞ்ச பாருங்கோ, எங்கட தோல் வெயிலுக்கெண்டே செய்த தோல். உது வெள்ளைக்காரற்ற பிள்ளையளுக்கு.

ரஜிதா: எங்கட தோல் கெதியா எரியாது. எரியவே எரியாதெண்டில்லை. போன வருசம் அனோஜாவின்ர பிடரித்தோல் உரிஞ்சு, ரெண்டு கிழமை குப்புறப் படுத்தவள்.

கனகலிங்கம்: அது... அது போன வருசம்.

ரஜிதா: இந்த வருசம் சூரியனை மாத்திப் போட்டினமோ?

விமலேஸ்வரி: போன வருசம் எனக்கும் ஞாபகம் இருக்கு. பிள்ளை பாண்ட் தொப்பியோட முகம் குப்புற விழுந்தது. ஐயா மைக்கில பேசிக்கொண்டிருந்தவர், "பாருங்கோ, என்ர பேச்சுக்குப் பிள்ளைக்கு நித்திரை வந்திட்டுது" எண்டு சொல்லிச் சிரிச்சவர். நீங்கள் கை தட்டினனீங்கள்.

கனகலிங்கம்: எல்லாரும் தட்டினவை...

விமலேஸ்வரி: முதல்ல தட்டினது நீங்கள்.

ரஜிதா: நான் தட்டேல்ல அண்ணை. எனக்குக் கை ரெண்டும் பிள்ளையைத் தூக்கிறதுக்குத் தேவைப்பட்டது.

கனகலிங்கம்: ம்... சரி, சரி. அப்ப உந்தக் கிறீம் பூசினா மயங்காதோ?

ரஜிதா: மயங்கும். கிறீம் தோலுக்கு. மயக்கத்துக்கு நிழலும் தண்ணியும்தான் மருந்து.

கனகலிங்கம்: அப்ப பிறகென்னத்துக்குக் கிறீம்?

ரஜிதா: கிளினிக்கில நேர்ஸ் மிஸ் வடிவாச் சொன்னவா. ஆறு மாசம் ஆகாத குழந்தையளுக்குக் கிறீமே வேண்டாம், வெயிலில கொண்டு போகாதேங்கோ எண்டு. அதுக்கு மேல எண்டா, முதல்ல நிழல். பிறகு தொப்பி, கைநீட்டுச் சட்டை. பிறகுதான் மூடாத இடத்துக்குக் கிறீம்.

கனகலிங்கம்: பாத்தியளோ! கிறீம் கடைசி!

ரஜிதா: ஓம் அண்ணை, கடைசி. முதலாவது நிழல். அதைத்தான் நீங்கள் ஐயாவுக்குக் குடுத்திட்டியளே. இருக்கிறது ஒரு பந்தல். அதுக்குள்ள பட்டுத்துணி போட்ட கதிரை, மேசைவிசிறி, இளநி. பிள்ளையளுக்கு வெட்டை வெயில்.

கனகலிங்கம்: விருந்தாளியை வெயிலில இருத்துறதோ? ஊர் என்ன சொல்லும்?

விமலேஸ்வரி: பிள்ளையளை இருத்தினா ஊர் ஒண்டும் சொல்லாது. பழகீட்டுது.

கனகலிங்கம்: ரீச்சர், நீங்களும் அவையோட சேர்ந்து... இஞ்ச, வடிவா யோசியுங்கோ. யோகலிங்கம் ஐயா சும்மா ஆளில்லை. கொழும்பிலயிருந்து வாறார். எங்கட விளையாட்டு முற்றத்துக்குக் கூரை போட்டுத் தாறன் எண்டவர். ஒரு நாள் வெயிலில நிண்டா, காலம் முழுக்கப் பிள்ளையளுக்கு நிழல்!

விமலேஸ்வரி: போன வருசமும் இதே கூரைதான் அண்ணை.

கனகலிங்கம்: போன வருசம் சொன்னவர்... இந்த வருசம் உறுதியாச் சொல்லுவார்.

விமலேஸ்வரி: அதுக்கு முதல் வருசம் தகரத்தின்ர நிறம் கூடக் கேட்டவர். நான் பச்சை எண்டனான்.

கனகலிங்கம்: உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது. பிள்ளையள் வரிசையில நிக்குதுகளோ? அதைச் சொல்லுங்கோ. ஒன்பது மணிக்கெல்லாம் வரிசையில நிக்கோணும் எண்டு சொன்னனான்.

விமலேஸ்வரி: வரிசையில ஒண்டும் அசையேல்ல அண்ணை.

கனகலிங்கம்: அப்பிடி! அதுதான் ஒழுங்கு. ஐயா ஒழுங்கை நல்லாப் பாப்பார். ஏன் சத்தத்தைக் காணேல்ல?

விமலேஸ்வரி: இந்த வெயிலுக்கு எங்க சத்தம் வரும்?

கனகலிங்கம்: ஐயா எப்ப வந்தாலும் பாண்ட் வாத்தியம் முழங்கோணும், சரியோ? ஒருக்கா அடிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, கேப்பம்.

விமலேஸ்வரி: ரஜிதா...

ரஜிதா: டும்... டும்... டும்...

கனகலிங்கம்: ஒரு மேளம்தானே கேக்குது?

விமலேஸ்வரி: மற்றதெல்லாம் வெயிலில கிடந்து கொதிக்குது. இரும்பு விளிம்பு. கை வைக்கேலாது.

கனகலிங்கம்: கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ.

ரஜிதா: மேளத்துக்கோ, பிள்ளையளுக்கோ?

கனகலிங்கம்: மேளத்துக்கு... ரெண்டுக்கும்! ஐயோ, ஒரு வார்த்தை விட ஏலாது உங்களோட. சரி, ஒரு முடிவுக்கு வாறன். தலைவர் எண்ட முறையில சொல்லுறன். கிறீம் பூசுங்கோ. எல்லாருக்கும் பூசுங்கோ. ஒரு பிள்ளை மட்டும் பளபளத்தால் மற்றத் தாய்மார் என்னைத் தின்பினம். காணுமோ?

ரஜிதா: காணும் அண்ணை. எப்ப பூசுறது?

கனகலிங்கம்: இப்பவே பூசுங்கோ!

ரஜிதா: இப்ப ஏலாது.

கனகலிங்கம்: இவ்வளவு நேரமும் பூசோணும் பூசோணும் எண்டு நிண்டுபோட்டு...

ரஜிதா: வெயிலுக்கு விடுறதுக்கு இருபது நிமிசம் முன்னம் பூசோணும். பூசினா ரெண்டு மணித்தியாலம்தான் நிக்கும். வேர்த்தா அதுக்கு முன்னமே போயிடும். பிறகு திருப்பிப் பூசோணும். கைவசம் இருக்கிறது ஒரு ரியூப். அதுதான் கேக்கிறன். ஐயா எப்ப வருவார் எண்டு சொல்லுங்கோ, அதுக்கு இருபது நிமிசம் முன்னம் பூசுறம்.

கனகலிங்கம்: ஐயா... வந்துகொண்டிருக்கிறார்.

ரஜிதா: எங்க வாறார்?

கனகலிங்கம்: ஓமந்தை தாண்டியாச்சாம்.

விமலேஸ்வரி: முந்தி எடுக்கேக்கயும் ஓமந்தைதானே தாண்டினவர்? திரும்பிப் போய்த் தாண்டினவரோ?

கனகலிங்கம்: இல்லை, இல்லை... இப்ப புளியங்குளம். புளியங்குளம் கிட்ட.

விமலேஸ்வரி: அப்ப அரை மணித்தியாலத்துக்குள்ள வந்திடுவார். பூசச் சொல்லட்டோ?

கனகலிங்கம்: பொறுங்கோ... அவசரப்படாதேங்கோ. பிந்தினாலும் பிந்தும்.

ரஜிதா: போன வருசம் ஒன்பதுக்கு வாறவர் பன்னிரண்டுக்கு வந்தவர். விளக்குக் கொளுத்தாமல் ஒரு ஓட்டமும் ஓடக்கூடாதெண்டு நீங்கள் மறிச்சு வைச்சிருந்தனீங்கள்.

கனகலிங்கம்: பிரதம விருந்தினர் விளக்கேத்தாமல் போட்டியைத் துவங்குறதோ? எந்த ஊரில நடக்கும்?

விமலேஸ்வரி: ஒரு ஊரிலயும் நடக்காது.

கனகலிங்கம்: ஆ, அப்பிடிச் சொல்லுங்கோ.

ரஜிதா: அண்ணை, போனில வெயிலின்ர அளவு காட்டும், தெரியுமோ? மூண்டுக்கு மேல போனாப் பிள்ளையளை மறைக்கோணுமாம்.

கனகலிங்கம்: இப்ப என்ன காட்டுது?

ரஜிதா: பதினொண்டு.

கனகலிங்கம்: பத்துக்குள்ளயோ?

ரஜிதா: பத்துக்கு வெளியால அண்ணை.

கனகலிங்கம்: கொழும்புக் கணக்காயிருக்கும். எங்கட பக்கத்துக்கு அது சரிவராது.

விமலேஸ்வரி: ஓம். வன்னிச் சூரியன் பாவம் பாக்கும்.

கனகலிங்கம்: என்ர பேரனும்தான் அங்க நிக்கிறான். நான் ஏதும் சொன்னனானோ? ஆம்பிளைப் பிள்ளை, பழகட்டும்.

ரஜிதா: அவனுக்கு நாலு வயசு அண்ணை.

கனகலிங்கம்: தெரியும், தெரியும். அவனுக்கு... தொப்பி போட்டிருக்கோ?

விமலேஸ்வரி: போட்டுத்தான் அனுப்பினவை. கவலைப்படாதேங்கோ.

கனகலிங்கம்: கவலையோ? எனக்கென்ன கவலை... சும்மா கேட்டனான்.

விமலேஸ்வரி: உந்தச் சும்மாவும் எனக்குத் தெரியும்.

ரஜிதா: அதென்ன அண்ணை உங்க உறுமுது? போன் எடுத்த நேரம் தொடக்கம் ஒரே சத்தம்.

கனகலிங்கம்: அது... லொறி. சந்தி தானே.

ரஜிதா: லொறி ஓடாதோ? ஒரே இடத்தில நிண்டு உறுமுது.

கனகலிங்கம்: மரக்கறி இறக்கீனம்.

விமலேஸ்வரி: மரக்கறி லொறிக்குள்ள பாட்டும் போடுறவையோ? நல்ல மெல்லிசா ஒரு பாட்டுக் கேக்குது.

கனகலிங்கம்: கடையில ரேடியோ... ரஜிதாத் தங்கச்சி, நான் ஒண்டு கேக்கட்டே?

ரஜிதா: கேளுங்கோ.

கனகலிங்கம்: அந்தக் கிறீம்... பெரிய ஆக்களுக்கும் பூசலாமோ?

ரஜிதா: பூசலாம். ஏன், தாழ்வாரத்துக்குள்ள வெயில் வந்திட்டுதோ?

கனகலிங்கம்: எனக்கில்லை.

ரஜிதா: செல்வராசா அண்ணைக்கோ?

கனகலிங்கம்: அவனுக்கென்னத்துக்கு... இது கொஞ்சம்... மென்மையான தோல். வெயில் பட்டாச் சிவந்து போமாம்.

விமலேஸ்வரி: அண்ணை. ஆற்ற தோல்?

கனகலிங்கம்: ரீச்சர், நீங்கள் கத்தக்கூடாது.

விமலேஸ்வரி: நான் ஏன் கத்தப்போறன்? ஆற்ற தோல்?

கனகலிங்கம்: ஐயாவின்ர.

ரஜிதா: ஐயா புளியங்குளத்தில அல்லோ?

கனகலிங்கம்: ஐயா... இஞ்சதான். வாகனத்துக்குள்ள.

விமலேஸ்வரி: எப்ப வந்தவர்?

கனகலிங்கம்: இப்பத்தான்.

விமலேஸ்வரி: அண்ணை...

கனகலிங்கம்: எட்டரைக்கு. நேரத்தோடயே வந்திட்டார், பாவம். நல்ல மனிசன். வந்து ஒரு கால் நிலத்தில வைச்சவர், "ச்சா, என்ன வெக்கை" எண்டு திரும்ப ஏறீட்டார். வெயில் தணியட்டுமாம். ஏசியைப் போட்டுக்கொண்டு சரிஞ்சு படுத்திருக்கிறார். கேட்டா வந்துகொண்டிருக்கிறன் எண்டு சொல்லச் சொன்னவர். நான் என்ன செய்ய? கூரையல்லோ...

ரஜிதா: அப்ப ஓமந்தை?

கனகலிங்கம்: நான்தான் தாண்ட வைச்சனான்.

விமலேஸ்வரி: ரெண்டு தரம் தாண்ட வைச்சியள். ஐயா ஏசிக்குள்ள. நீங்கள் தாழ்வாரத்துக்குள்ள. பிள்ளையள் வெட்டையில நிக்கோணும்.

கனகலிங்கம்: பேசுங்கோ ரீச்சர், பேசுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன். ஆனா இதைச் செய்து தாங்கோ. நீங்கள் கிறீம், கிறீம் எண்டதை நான் ஐயாவின்ர காதில போட்டிட்டன். அவருக்கு நல்ல சந்தோசம். அது இருந்தா இறங்குறன், ஒரு பத்து நிமிசம் நிண்டு விளக்கேத்திப்போட்டுப் போறன் எண்டார். ஆரையேன் மோட்டச்சைக்கிளில விடுங்கோ ரியூப்போட.

ரஜிதா: பிள்ளையளுக்குப் பூச வைச்சிருந்த கிறீம் அண்ணை அது.

கனகலிங்கம்: தெரியும் தங்கச்சி. எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு. பூசி இருபது நிமிசம், வந்துசேர ஒரு கால் மணித்தியாலம். பிள்ளையளை அப்பிடியே அசையாமல் வைச்சிருங்கோ ரீச்சர். இவ்வளவு நேரம் நிண்டதுகளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பெரிசில்லை... ரீச்சர்? ஏன் சிரிக்கிறியள்? ரஜிதா, ஏன் அவா சிரிக்கிறா?

விமலேஸ்வரி: கிறீம் வருகுது அண்ணை, முழு ரியூப்பும் அப்பிடியே கிடக்கு, மூடி கூடத் திறக்கேல்ல. வடிவாப் பூசி ஆறுதலாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளையள் எல்லாம் விடிய ஆறரைக்கே வந்து, ஓட்டம், தவளைப் பாய்ச்சல், கயித்தில தொங்கிற பணிஸ் சாப்பிடுறது எல்லாம் வெயில் ஏற முன்னம் முடிச்சு, நாங்களே விளக்கையும் கொளுத்திக் கப்பையும் குடுக்க, எட்டு மணிக்கு வீட்டை போயிட்டுதுகள். உங்கட பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தது உங்கட மனிசிதான், பணிஸில அவன் முதலாவது. நானும் ரஜிதாவும் பந்தலுக்குள்ள ஐயாவின்ர கதிரையில இருந்து, ஐயாவின்ர இளநியைக் குடிச்சுக்கொண்டுதான் உங்களோட கதைக்கிறம். இஞ்ச வெயிலில நிக்கிறதுக்கு இனி ஐயா மட்டும்தான் பாக்கி.