பகல் கண்ணாடி

ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த பெரிய மீசைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இப்பல்லாம் எங்க வீட்டைத் தாண்டிப் போற ஆளு ஒருத்தரும் தலை சீவாமப் போறதில்ல மாப்ள."

வாடிப்பட்டியில் புது வீடு கட்டியிருக்கிறாராம். தெருப் பக்கம் சுவருக்குப் பதிலாக முழுக்கக் கண்ணாடி.

"உள்ள இருந்து பாத்தா தெரு பூராம் தெரியும். வெளிய நிக்கிறவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும். நேத்து பால்காரர் நின்னு பல்லைக் காட்டிக் காட்டிப் பாக்குறாரு. நான் இந்தப் பக்கம் உக்காந்து காப்பி குடிக்கிறேன்."

"நல்ல கண்ணாடிதான் மாமா. ஆனா அது பகலுக்குத்தான்."

"அப்படின்னா?"

"பொழுது சாஞ்சு உள்ள லைட்டப் போட்டீகன்னா தலைகீழா மாறிரும். வெளிய இருந்து எல்லாம் தெரியும். எனக்கு எதுத்த வீடுல்ல?"

"எல்லாம்னா?"

"அடுப்படி வரைக்கும் மாமா. டீக்கடையில 'நான் அடுப்படிப் பக்கமே போனதில்ல'ன்னு சொல்லுவீகளே, அப்ப எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாகன்னு நெனச்சீக?"

மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்து தோசைகூடக் கருகிப்போச்சு போல," என்றார் மற்றவர்.

சமயநல்லூர் தாண்டியதும் மீசைக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"கருகல மாப்ள," என்றார். "உங்க அக்காவுக்கு முறுகலா இருந்தாத்தான் பிடிக்கும்."