மெஷினை நிறுத்தியது எப்போது

மலேசியாவில், மூவார் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி செய்யும் ஃபேக்டரியின் சட்டை போட்டிருந்தாள். அவள் கையில் இங்கிலீஷில் எழுதிய ஒரு தாள் இருந்தது.

“அலமாக்! ஐயோ, மறுபடியும் ‘had’ட விட்டுட்ட,” என்றான் அண்ணன். “‘I had switched off.’ அப்படிச் சொன்னாத்தான், ஒங்கூட வேல செய்யுற செல்வி அக்கா உள்ள கைய விடுறதுக்கு முன்னாடியே நீ மெஷின நிறுத்திட்டன்னு அர்த்தம். பிளேடு சுத்தி நிக்கிறதுக்குள்ள கைய விட்டது அவங்க தப்பாயிரும்.”

“வெறும் ‘I switched off’னு சொன்னா?”

“எப்ப நிறுத்தின, விரல் போன பெறகான்னு கேப்பாங்க.”

“மலாய்ல சொல்லிக்கிறேனே.”

“விசாரிக்க சிங்கப்பூர்லருந்து பெரிய பாஸ் வர்றாரு லா. அவருக்கு இங்கிலீஷ்தான்.”

அவள் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது சரியாக வந்தது.

“ஹா, பாஸாயிட்ட! இனி நீதான் டீச்சரு,” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

“அண்ணே, நான் மெஷின நிறுத்தவே இல்ல.”

அண்ணன் அந்தத் தாளை வாங்கி மடித்தான்.

“இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

மெதுவாகத்தான் கேட்டான். என் காதில் விழுந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.