வெங்கடாசலத்தின் வால்வுக் குச்சி

— எழுதிக்க ஜெயப்பிரியா கண்ணு: ‘இந்த இஞ்சின் வால்வு தேய்க்கும் குச்சி நாமக்கல் மெக்கானிக் வெங்கடாசலத்தினுடையது. அவர் தேய்த்த வால்வில் புகைகூட உத்தரவு கேட்டுத்தான் வெளியே போகும்.’

— ஐயா, கண்காட்சியில குச்சியோட வெக்கற அட்டையில ரெண்டு வரிதான் எடம்.

— அப்பப் பேர மட்டும் பெருசாப் போடு. ஃபேர்லேண்ட்ஸ் கண்காட்சியில நாலு பேரு நின்னு படிக்கோணும். நுனியில இருக்குதே ரப்பர் கப்பு, வால்வு தலைய முத்தம் குடுத்தாப்புல கவ்விக்கும். ஒருக்கா நான் தேச்ச லாரி, கொல்லிமல ஏறி எறங்கற வரைக்கும் சொட்டு டீசல் குடிக்கல!

— எப்படிங்க குடிக்கும்? இன்னொரு லாரியிலயில்ல கட்டி இழுத்துட்டுப் போனாங்க.

— சாலம்மா, டீயக் கொண்டாந்தியா, பேச்சக் கொண்டாந்தியா?

— ஐயா, வீடியோவுக்கு ஒரு வால்வு தேச்சுக் காட்டுங்களேன். மேச மேலயே இஞ்சின் ஹெட் இருக்குதுங்களே.

— இதென்ன பெரிய வேல! வால்வு ஓரத்துல தேய்க்கற பசையத் தடவி, குச்சிய ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு... பாத்தியா, பம்பரமாட்டம்!

— ஏனுங்க, ஒரே பக்கமாச் சுத்தறீங்க. முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தி உருட்டோணும். நடுநடுவுல தூக்கி எடம் மாத்தி வெக்கோணும்.

— அவ கெடக்கறா கண்ணு. பசையத் தொடச்சுட்டு வால்வு மேல டீசல ஊத்து, நல்லாத் தேச்சிருந்தா கீழ எறங்காது. ஒரு சொட்டு ஒழுகட்டும், என் மீசைய எடுத்துக்கறேன்.

— ஒழுகுதுங்கய்யா.

— அது... வால்வுக்கு வேர்க்குது.

— தள்ளுங்க அக்கட்ட. குச்சிய இப்படிக் குடுங்க.

— அம்மா! கண்ணுக்கே தெரியாத வேகத்துல உருட்டறீங்களே!

— இப்ப ஊத்திப் பாரு.

— ஒரு சொட்டு வரலீங்க! ஐயா, நெசத்தச் சொல்லுங்க. இத்தன வருசமாத் தேச்சது யாருங்க?

— அவதான். பொம்பள கை வெச்ச இஞ்சின்னு தெரிஞ்சா அன்னைக்கு ஒருத்தனும் வண்டிய உடமாட்டான். அதனால நான் வாசல்ல டிரைவருங்களப் பேச்சுல புடிச்சு வெச்சிருப்பேன், இவ உள்ள முடிச்சிருவா. எங்க ஊட்டுல வால்வு அவ டிபார்ட்மெண்டு, பொய்யி என் டிபார்ட்மெண்டு.

— அப்ப அட்டையில அம்மா பேருதான் வரோணும்.

— போடு கண்ணு. பெருசாவே போடு.

— வேணாஞ் சாமி, அவரு பேரே இருக்கட்டும், ஆசப்பட்டுட்டாரு. அட்டைய நீ கொண்டு போ, குச்சிய மட்டும் வெச்சுட்டுப் போ. எருமப்பட்டியில இருந்து இன்னும் ரெண்டு டிராக்டர் ஹெட் வருது, நாளைக்குள்ள முடிச்சுக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்.