ஜன்னலோரம் நிற்கிறவர்

– தலைமாட்டை அந்த ஜன்னல் பக்கம் வைக்காத தம்பி. அங்க ஒருத்தர் நிக்கறாரு.

– யாரும்மா? திரைதானே தொங்குது?

– உன் கண்ணுக்குத் தெரியாது. எனக்கே இருபது நாளாத்தான் தெரியுது. பயந்துக்காத, அந்த ஆளு ஒண்ணும் பண்ண மாட்டாரு. நிப்பாரு, அவ்வளவுதான்.

– தப்பா நினைக்காதீங்கம்மா. பதினோரு வருஷமா வீடு வீடாப் போய் நோயாளிக் கட்டில் மாட்டறேன். படுத்திருக்கறவங்க இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கேன். பாத்துக்கறவங்க சொல்லிக் கேட்டதே இல்ல.

– படுத்திருக்கற மனுஷன் கண்ணைத் திறந்தாத்தானே தெரியும்? ரிப்போர்ட் வந்த அன்னைக்கு உள்ரூம்ல போய்ச் சுவத்தைப் பாத்துப் படுத்தவரு, இன்னும் திரும்பல. நாப்பது வருஷம் ஓயாமப் பேசின வாய்! இப்போ கேட்டா ஒரு ஊம். கேக்கலைன்னா அதுவும் இல்ல.

– வலி ஜாஸ்தியா இருக்கும்மா.

– எங்க! எங்கய்யா வலிக்குதுன்னு கேட்டா, உனக்கு வலிக்குதான்னு என்னைத் திருப்பிக் கேக்கறாரு. எரிச்சலா வருமா வராதா, நீயே சொல்லு.

– சரி விடுங்க. தலைமாட்டை இந்தப் பக்கம் திருப்பிட்டேன். சக்கரத்துக்கு லாக் போட்டாச்சு. இந்தக் கைப்பிடியைச் சுத்தினா முதுகு எழும்பும், அதைச் சுத்தினா கால் எழும்பும். நீங்க முதல்ல உக்காருங்கம்மா, மூச்சு வாங்குது.

– உக்காந்தாப் போச்சு! நான் அசந்தா அந்த ஆளு உள்ள போயிருவாரு. அதுக்குத்தானே ராவும் பகலும் உள்ரூம் வாசல்ல காவல் இருக்கேன். என் வீட்டுக்காரரைப் பாத்துப் பாத்து நான் பாதியாப் போயிட்டேன், பாரு.

– உள்ள போகப் பாத்தாரா எப்பவாவது?

– அதுதான் தம்பி எனக்குப் புரியல. கதவுப் பக்கம் அவர் கண்ணே போகாது. நான் ஹால்ல நடந்தா என்னைப் பாப்பாரு. சமையக்கட்டுக்குப் போனா அங்கயும் பார்வை வரும். 'என்னை என்னய்யா பாக்கறே, எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு'ன்னு ஒருநாள் கத்தியே விட்டேன்.

– என்ன சொன்னாரு?

– சிரிச்சாரு.

– அம்மா, இந்த போல்ட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. அந்த ஜன்னலுக்கு முதுகு காட்ட முடியல எனக்கு.

– ஆம்பளையாம் ஆம்பளை! கொண்டா இப்படி.

– தப்பா நினைக்காதீங்க, ஐயாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கலாமே. வீட்லயே வச்சுப் பாத்துக்கலாம்னு யாரு முடிவு பண்ணினது?

– நான்தான். அவர் என்னைத்தான் கேட்டாரு. 'எனக்கு எது நல்லதுன்னு நீயே சொல்லு, நீ சொல்றபடியே செய்வோம்'னாரு. குழாயும் ஊசியுமா ஒரு ரெண்டு மாசம் இழுக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். மூணு நாள் பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு.

– பிறகு?

– 'வேணாங்க, டெஸ்டுக்குக் குத்தினதே போதும்'னேன். 'ஹால்ல வெளிச்சம் படற இடத்துல கட்டில் போடுவோம், வலிக்கு மட்டும் மருந்து, நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பாக்கட்டும், பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தர் கையைப் பிடிச்சுட்டு இருந்தாப் போதும்'னேன். சொல்லிட்டேனே தவிர, நானே கொன்னுட்ட மாதிரி இருந்துச்சு தம்பி. இப்பவும் அப்படித்தான் இருக்கு.

– ஐயா கோவிச்சுக்கிட்டாரா?

– கோவமா? என் கையைப் பிடிச்சுட்டு ஓன்னு அழுதாரு. 'நிஜமா இதுதான் நல்லதுன்னு தோணுதா உனக்கு'ன்னு நாலு தடவை கேட்டாரு.

– ஐயா உயரம் எவ்வளவும்மா இருப்பாரு?

– என்னை விட ரெண்டு விரல் கூட.

– அப்போ நீங்களே ஒரு தடவை படுத்துக் காட்டிருங்க. முதுகு எந்த இடத்துல மடங்குதுன்னு பாத்துட்டு இறுக்கிருவேன்.

– நான் படுத்துட்டா கதவை யாரு பாக்கறது?

– நான் நிக்கறேன்மா.

– பயந்தாங்கொள்ளி காவலாக்கும்! சரி, ஒரு நிமிஷம்தான். அட, என்னப்பா இது, மெத்தை மூச்சு விடுது!

– காத்து மெத்தைம்மா. மாறி மாறி ஊதும், முதுகு புண்ணாகாது.

– இதமாத்தான் இருக்கு. இங்க இருந்து பாத்தா அந்த ஆளு மூஞ்சி நல்லாத் தெரியுது. பக்கத்துல வந்துட்டாரு தம்பி. நீ கதவை விட்டு நகராத.

– நகரலம்மா.

– அடுப்புல பால் இருக்கு. இதோ எழுந்துக்கறேன்... இதோ...

– அம்மா? அம்மா, தூங்கிட்டீங்களா?

– எழுப்பாத தம்பி.

– ஐயோ! ஐயா, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? விழுந்துரப் போறீங்க, என்னைப் பிடிச்சுக்குங்க!

– எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லா நடப்பேன். சத்தம் போடாம அந்தப் பக்கக் கம்பியைத் தூக்கி விடு. இருபது நாள்ல இன்னைக்குத்தான் படுத்திருக்கா.

– அப்போ இந்தக் கட்டில் உங்களுக்கு இல்லையா?

– ரெண்டு பேரும் ஒரே நாள்ல டெஸ்ட் எடுத்தோம் தம்பி, மோசமா வந்தது அவளோடது. சொல்ல வாய் வரல. என்னோடதுன்னு சொல்லி, எனக்கு என்ன பண்ணலாம்னு அவகிட்டயே கேட்டு, அவ சொன்னபடிதான் அவளுக்குப் பண்ணிட்டு இருக்கேன்.