எட்டில் ஒரு கம்பி

தம்பி, அப்படிக் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள், முழங்கால் போய்விடும். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், உங்களுக்கு டீ வாங்கத்தான் போயிருக்கிறார். கடையில் கூட்டம் இருக்கும். சுவரிலிருக்கும் இந்த நெட் சாக்கெட்டின் மூடியைக் கழற்றியதும் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். எட்டுக் கம்பியில் ஒரு பழுப்புக் கம்பி மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக வெளியே வந்து நிற்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, என் மாமனார் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு டைல்ஸ் கடையில் வேலை. ஆனால் மாமனார் வீட்டில் நான்தான் இன்ஜினியர். டி.வி. படம் காட்டவில்லையா, பிரிண்டர் காகிதத்தை மென்றுவிட்டதா, அத்தையின் போனில் இடம் இல்லையா, உடனே எனக்குத்தான் அழைப்பு வரும். நான் போய் ஒருமுறை அணைத்துப் போடுவேன், சரியாகிவிடும். "பெரிய மாப்பிள்ளைக்கு என்ன ஒரு கைராசி" என்பார் அத்தை. ஜன்னலோர நாற்காலியை மாமனாரே எனக்கு விட்டுக்கொடுப்பார். மனிதனுக்கு வாழ்க்கையில் வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

பிறகு மச்சினிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடியோ எடிட்டர், வீட்டிலிருந்தே வேலை. மாமனார் வீட்டு மாடியறையில் குடியேறினார். வந்த வேகத்தில் ஃபைபர் இணைப்பு வாங்கினார், சுவரைத் துளைத்து மாடிவரை தானே ஒயர் இழுத்தார். தங்கமான பையன், ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதே கூடத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், ரிமோட் வேலை செய்யவில்லை என்று மாமனார் மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "சின்ன மாப்ள, கொஞ்சம் கீழ வாங்களேன்." பேட்டரிதான் தீர்ந்திருந்தது. அது எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மாடியறை சாக்கெட்டைத் திறந்து ஒரு கம்பியை மட்டும் உருவிவிட்டேன். உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டும் இருந்தால்தான் முழு வேகம். இந்தப் பழுப்பு ஒன்று விட்டுப்போனாலும் பாக்கியில் நாலை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றும், வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அறுத்தெறிய நான் என்ன ரவுடியா? நெட் நின்றுபோனால் கம்பெனிக்காரர் வருவார். மெதுவானால்தான் மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டார்கள். நானும் முறையாகவே செய்தேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன், வேறு துளையில் செருகினேன், கம்ப்யூட்டரை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒவ்வொரு நாளும் ஜன்னலோர நாற்காலி. கம்பெனி ஆள் வந்து கீழே ரௌட்டரிலேயே சோதித்துவிட்டு, "எங்க சைடு பக்காவா இருக்கு சார்" என்று போய்விட்டார். சுவரைத் திறந்து பார்க்கும் யோசனை சகலைக்கு வரவே இல்லை. "உள்ள போறது நானே இழுத்த ஒயர்ண்ணே, அதுல தப்பு வராது" என்றார். அதில் சந்தேகமே இல்லை என்று நானும் சொன்னேன். அவர் இழுத்ததில் தப்பே இல்லைதான்.

சரிசெய்யாமலே விட்டுவிட நினைத்தேன் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். படியேறும் முன்பே அத்தை தட்டை நீட்டுவார், மாமனார் நாளிதழை நீட்டுவார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இதற்கிடையில் சகலையின் வீடியோக்கள் ஆமை வேகத்தில் ஏறின. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் கைவிட்டார்கள். இந்தத் தெருவின் லைனே சரியில்லை என்று முடிவுகட்டி, ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டை, அதாவது இந்த வீட்டை, வாடகைக்குப் பிடித்தார். மாசமாக இருக்கும் மச்சினி அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று அழுதாள். சாமான் ஏற்ற வண்டி பிடித்துக் கொடுத்தது நான்தான்.

அவர்கள் கிளம்பிய மறுநாளே அங்கே கம்பியைச் செருகிவிட்டேன். நெட் பறந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல, பெரிய மாப்பிள்ளை கைபட்டா சரியாயிடும்னு" என்றார் அத்தை. சொல்லிவிட்டுக் காலியாகக் கிடந்த மாடியறையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வீட்டுக்கு ஒயர் இழுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அவர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் ஈடாக, சத்தியமாக ஒழுங்காகச் செய்து கொடுக்கத்தான் வந்தேன். எட்டுக் கம்பியையும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வரிசையாகப் பொருத்தினேன். சோதித்தால் முழு வேகம். மூடியை வைத்து ஒரு திருகு முடுக்கும்போது சமையலறையில் சகலை மச்சினியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"அப்பாடா. இனிமே அண்ணனுக்கு இந்தத் தொல்லையே இருக்காது. பாவம், எத்தனை தடவை அலையவிட்டுட்டோம்."

முடுக்கிய திருகை மறுபடி கழற்றினேன்.

அவ்வளவுதான் தம்பி. அங்கேயும் நான்தான், இங்கேயும் நான்தான். ஆனால் இந்த முறை அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை, உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மரியாதைக்காவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தற்செயலாக வந்த மாதிரி நானே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

கேட் திறக்கிற சத்தம். டீ வந்துவிட்டது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு மூடியை மாட்டுங்கள், லைனில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுங்கள். பாவம், மாசமாக இருக்கிற பெண், புது இடம், பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை. நானும் அடிக்கடி வந்து பார்க்காவிட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?